வாத்து மேய்த்த சக்கரவர்த்தி

ஷாங்யூ
பிப்ரவரி 18, 2006

போஜுனுக்கு,

போன் செய்யாதே. நீ போனில் பேசினால் நான் சிரித்துவிடுகிறேன். சிரித்துவிட்டால் கேட்க வந்தது மறந்துபோகிறது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

அப்பாவின் போட்டோ எங்கே?

புத்தாண்டுக்கு வந்தவன் என் வீட்டுச் சுவரிலிருந்து அதைச் சட்டத்தோடு கழற்றினாய். "எங்க சினிமா ஊர்ல பெரிசு பண்ணி கலர் போட்டுத் தருவாங்கக்கா, அப்பா அப்படியே இறங்கி வந்து வாத்தை எண்ணுவாரு பாரு" என்றாய். நானும் கொடுத்தேன். இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. உன் அத்தான் அதில் குடையை மாட்டிவைத்திருக்கிறார்.

விஷயம் அவசரம். புதுச் சாலை மலையடிவாரம் வழியாகப் போகிறது. கல்லறைகளை எல்லாம் மேற்கே புது மயானத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஒரே கல் சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் முகத்தைப் பீங்கானில் சுட்டுக் கல்லில் பதிக்கிறார்கள். பதிக்காத கல் அந்த வரிசையில் ஒன்றுகூட இல்லை. அம்மாவுக்கு அடையாள அட்டைப் படம் இருக்கிறது. அப்பா அட்டை வருவதற்கு முன்பே போய்விட்டார். அவருக்கு இருப்பது அந்த ஒரு படம்தான். முன்மாதிரி வாத்து வளர்ப்பாளர் என்று பெயர் வந்தபோது மாவட்டத்திலிருந்து ஆள் வந்து எடுத்தது. அதற்கு முன்னும் பின்னும் அந்த மனிதர் கேமரா முன்னால் நின்றதில்லை.

கல் கொத்தும் தோங் மார்ச் 20க்குள் கேட்கிறார். சிங்மிங் அன்று ஊரே கல்லறை துடைக்க வரும். அன்றைக்கு அவர்கள் முகத்தோடு கல் நிற்க வேண்டும்.

பெரிசும் வேண்டாம், கலரும் வேண்டாம். கொடுத்ததைக் கொடு.

யூஃபென்


ஹெங்தியன்
பிப்ரவரி 24

காலையில் தெற்குப் படையின் ஈட்டி வீரனும், சாப்பாட்டுக்குப் பிறகு வடக்குப் படையின் பிணமுமாகிய போஜுன், மாட்சிமை பொருந்திய அக்காவின் பாதத்தில் விழுந்து எழுதுவது:

போட்டோ பத்திரம். எவ்வளவு பத்திரம் என்றால், அது இப்போது அரண்மனையில் இருக்கிறது. பொறு, இங்கேயே கோபப்படாதே. ஒரு கோப்பை தேநீர் ஊற்றிக்கொண்டு உட்கார்.

இங்கே இப்போது எடுக்கிற படம் சாதாரணப் படம் இல்லை. கொடிக்கு வாங்கிய பட்டுத் துணியைத் தரையில் விரித்துக்கொண்டே போனால் பெய்ஜிங் வந்துவிடும், மிச்சத்தில் உனக்கு ஒரு மேலங்கி தைக்கலாம். அரசியின் தலையில் இருக்கிற தங்கப் பூவும் கொண்டையும் ஒரு கன்றுக்குட்டி கனம். தலை குனிந்தால் நிமிர்த்திவிட இரண்டு பெண்கள் கூடவே நிற்கிறார்கள். படை மூவாயிரம் பேர். நிஜத்தில் நாங்கள் நானூறு பேர்தான். கேமராவைத் தாண்டியதும் மதிலுக்குப் பின்னால் ஓடிச் சுற்றி, தொப்பியை மாற்றிக்கொண்டு திரும்ப வருகிறோம். நேற்று நான் என்னையே துரத்தினேன். பிடிக்க முடியவில்லை.

கதை என்னவோ குடும்பக் கதைதான். வம்சத்தைத் தொடங்கிய சக்கரவர்த்தி செத்துப்போகிறார். மூன்று பிள்ளைகள். சிம்மாசனத்துக்காக மூத்தவன் நடுவுள்ளவனுக்கு விஷம் வைக்கிறான், கடைசிப் பிள்ளை மூத்தவன் மேல் படை எடுத்து வருகிறான், மூத்தவன் பெண்டாட்டியான அரசி எல்லார் மேலும் காறித் துப்புகிறாள். இத்தனையும் எங்கே நடக்கிறது? முன்னோர் மண்டபத்தில், செத்த சக்கரவர்த்தியின் ஓவியத்துக்கு அடியில்.

அந்த ஓவியத்துக்குத்தான் முகம் கிடைக்கவில்லை. எந்த நடிகர் முகத்தைக் காட்டினாலும் இயக்குநர், "இந்த மூஞ்சியப் பார்த்தா எவனுக்குய்யா பயம் வரும்" என்கிறார். நான் போட்டோவைக் கடைக்குக் கொண்டுபோகிற வழியில், சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தேன். ஓவியம் போடுகிற லியாவ் பார்த்துவிட்டான்.

"அண்ணே, யாருண்ணே இவரு? இந்த முறைப்புக்கு ஒரு நாடே மண்டி போடும்."

"நாடு போட்டதில்ல. முந்நூறு வாத்து போட்டிருக்கு."

அக்கா, நம் அப்பா இப்போது இரண்டு ஆள் உயரம். மஞ்சள் பட்டு, நெஞ்சில் டிராகன். மூங்கில் கழியைப் பிடித்த அதே பிடி, கழி இருந்த இடத்தில் மட்டும் செங்கோல். நேற்று நானூறு பேரும் அவர் முன்னால் மண்டியிட்டோம். கூலி வாங்கிக்கொண்டு சொந்த அப்பாவைக் கும்பிட்ட பிள்ளை இந்த நாட்டில் நான் ஒருவன்தான்.

போட்டோவை லியாவ் ஓவியத்தின் பின்பக்கம் கிளிப் போட்டு வைத்திருக்கிறான். தாடையைத் திருத்தும்போது பார்க்க வேண்டுமாம். வேலை முடிந்ததும் வாங்கிவிடுகிறேன்.

இளவரசன் போஜுன்


ஷாங்யூ
மார்ச் 1

போஜுனுக்கு,

தேநீர் ஊற்றிக்கொண்டுதான் படித்தேன். ஆறிப்போயிற்று.

அப்பாவைச் சக்கரவர்த்தியாக்கச் சொல்லி உன்னை யார் கேட்டது? மழைக்காலம் முழுக்க வாத்தோடு வாத்தாகச் சேற்றில் நின்ற மனிதர். எவனாவது அவர் காலில் விழுந்திருந்தால், "எழுந்திரிடா, வாத்து மிரளுது" என்றிருப்பார்.

உன் அத்தானிடம் சொன்னேன். சிரிப்பு தாங்காமல் வெளியே போய்விட்டார். ஊரில் சொல்ல வேண்டாம் என்றேன். மறுநாள் தோஃபு கடையில் அந்தப் பெண், "இளவரசி வந்திருக்காங்க, ஓரத்துத் துண்டு போட்டுறாதீங்க" என்று தன் புருஷனுக்கு உத்தரவு போடுகிறாள்.

உன் படக் கதையையும் படித்தேன். நாலு பேர் ஒரு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே கத்தினால் தீர்ந்துபோகிற சண்டை. அதற்கு ஏன் நானூறு பேரை மதிலைச் சுற்றி ஓட வைக்கிறார்கள்? நம் வீட்டில் இதைவிடப் பெரிய சண்டை நடந்திருக்கிறது. இரண்டு கிண்ணம்தான் உடைந்தது.

ஒன்று கேட்கிறேன். சக்கரவர்த்தி பக்கத்தில் மகாராணி ஓவியமும் மாட்டியிருப்பார்களே. அது யார் முகம்? அம்மா முகம்தானே?

லியாவ் தம்பியிடம் சொல், தாடை போதும். தோங் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

யூஃபென்


ஹெங்தியன்
மார்ச் 9

அக்கா,

மகாராணி விஷயத்தை நீ கேட்காமல் இருந்திருக்கலாம்.

அந்த ஓவியத்துக்கு உட்கார்ந்தது ஒரு புது நடிகை. வயசு இருபத்திரண்டு இருக்கும். சிரித்தால் மண்டபத்தில் விளக்கே வேண்டாம். அப்பாவை அவள் பக்கத்தில் பார்க்கிறபோதெல்லாம் என்னையே அம்மா கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருக்கிறது. முந்தாநாள் எல்லாரும் சாப்பிடப் போனதும் நான் மட்டும் மண்டபத்தில் நின்று, "அம்மா, இது சினிமா. அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது" என்று நாலு திசையிலும் சொல்லிவிட்டு வந்தேன். தோஃபு கடைக்காரிக்கும் தகவல் சொல்: இளவரசிக்கு ஓரத்துத் துண்டு விற்றால் ஒன்பது தலைமுறைக்குத் தண்டனை.

எனக்குப் பிண வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. ஆள் பிடிக்கிறவர், "போஜுன் அண்ணன் மாதிரி சாக இந்த ஊர்ல ஆளே கிடையாது" என்கிறார். மற்றவர்கள் அம்பு பட்டதும் எங்கே வசதியான புல் என்று பார்த்து விழுகிறார்கள். நான் நின்ற இடத்தில் மரம் மாதிரி சாய்வேன். ஈ மூக்கில் குடித்தனம் வைத்தாலும் அசைய மாட்டேன். ஆனால் ஒன்று: 'கட்' சொன்னதும் எழுந்து, கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் நகர்வேன். செத்தது பொய் என்று எமனுக்குத் தெரிய வேண்டும் இல்லையா. சின்னப் பயல்கள் சோம்பல்பட்டு அப்படியே போய்விடுவார்கள். நான் ஒரு நாளும் சிரிக்காமல் போனதில்லை. உலகத்தில் எனக்குப் பயம் என்று இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான்.

போட்டோவைப் பற்றிக் கவலை வேண்டாம். கடைசிக் காட்சி 15ஆம் தேதி. இயக்குநர் அதற்கு ஒரு மாதமாகத் தூங்காமல் இருக்கிறார். எல்லாம் ஒரே தடவைதான், இன்னொரு தடவை எடுக்கவே முடியாது. அரசி கோபத்தின் உச்சியில் முன்னோர் மண்டபத்தையே

சரி, அதை நேரில் வந்து நடித்துக் காட்டுகிறேன். மறுநாள் பேருந்தில் நானே போட்டோவோடு வருகிறேன்.

போஜுன்


ஷாங்யூ
மார்ச் 13

போஜுனுக்கு,

மண்டபத்தையே என்ன செய்கிறாள்?

நீ வாக்கியத்தைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை. உன் வாக்கியம் எல்லாம் தேவைக்கு மேல் மூன்று முழம் நீளும். நான் மூன்று தடவை படித்தேன். உன் அத்தானைப் படிக்கச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எரிக்கிறாளோ என்னமோ" என்றார்.

உன் விடுதிக்குப் போன் செய்தேன். போன் வேண்டாம் என்று சொன்னவள் நானே செய்தேன். எவனோ எடுத்து, "பெரியவரு போர்முனைக்குப் போயிருக்காரு, தலையோட திரும்பினா சொல்றேன்" என்று வைத்துவிட்டான். சொன்னானா தெரியாது. தபால் அலுவலகத்தில் இருப்பதிலேயே வேகமான முத்திரையைக் குத்தச் சொல்லியிருக்கிறேன்.

கையில் கிடைத்த நிமிஷம் போய் அந்தக் கிளிப்பைக் கழற்று. தாடை எப்படிப் போனாலும் சரி.

யூஃபென்


ஹெங்தியன்
மார்ச் 19

அக்கா,

உன் கடிதம் 17ஆம் தேதி வந்தது. போட்டோ எரிந்துவிட்டது.

லியாவ் கழற்றியிருப்பான் என்று நான் இருந்தேன். நான் வாங்கிக்கொண்டேன் என்று அவன் இருந்தான். வேறு மர்மம் ஒன்றும் இல்லை.

ஆனாலும் ஒன்றை யோசித்துப் பார். நாம் போனவர்களுக்கு எப்படி அனுப்புகிறோம்? காகித வீடு, காகிதக் கார், காகிதப் பணம் எல்லாம் எரிக்கிறோம். புகையாகப் போய்ச் சேருகிறது. மேற்குத் தெரு லோ வீட்டுக்காரர்கள் அவர்கள் கிழவருக்கு இரண்டு மாடிக் காகித வீடு எரித்துவிட்டு ஒரு வருஷம் அதையே பேசினார்கள். நான் அப்பாவுக்கு அனுப்பியிருப்பது நிஜ மரத்தில் நாற்பது தூண் வைத்த மண்டபம். கூரையில் பொன்வர்ணம். பல்லக்கு, கொடி, முரசு, வெண்கலப் பானை. சுற்றி ஐந்து கேமரா. லோ கிழவர் இப்போது அப்பா வாசலில் வரிசையில் நிற்பார். அந்த நடிகையின் ஓவியமும் கூடவே போய்விட்டது. அங்கே அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் இந்நேரம் என்ன நடக்கிறதோ, அதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

நான் அப்போது முற்றத்தில் செத்துக் கிடந்தேன். ஓவியம் கருகிச் சுருண்டு மடிந்தபோது பின்பக்கத்துக் கிளிப் தெரிந்தது. எழுந்தால் காட்சி போச்சு. ஒழுங்கான பிணமாக அசையாமல் கிடந்தேன். அவ்வளவுதான்.

இப்போது வேலைக்குப் போகவில்லை, சும்மாதான் இருக்கிறேன். கல்லில் அப்பா இருக்க வேண்டிய இடத்தை வழவழப்பாக விட்டுவிடச் சொல் அக்கா. பார்க்கிறவர்கள் பீங்கான் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளட்டும்.

போஜுன்


ஷாங்யூ
மார்ச் 22

போஜுனுக்கு,

அசையாமல் கிடந்தாயாம்.

கடிதம் உன் கையெழுத்தில் இல்லை. குண்டு குண்டாக, மை சிந்தாமல், வரி நேராக இருக்கிறது. நீ பிறந்ததிலிருந்து ஒரு வரி நேராக எழுதியதில்லை. உன்னைப் போல் சாக ஆளே கிடையாது என்றவர்கள் ஏன் இப்போது கூப்பிடவில்லை? நானே சொல்கிறேன். ஒரே தடவை எடுக்கிற காட்சியில் செத்த சிப்பாய் எழுந்து நெருப்புக்குள் ஓடினால், மறுநாள் எந்த இயக்குநர் வேலை தருவார்?

எந்தக் கை? இரண்டுமா? அதை முதலில் எழுது.

படிக்கும்வரை உன்னை நாலு அறை அறைய வேண்டும் என்றுதான் இருந்தது. இன்னும் இருக்கிறது. ஆனால் கை ஆறட்டும்.

காகித வீட்டு நியாயம் எனக்கும் தெரியும். எரிக்கும்போது போய்ச் சேர வேண்டியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் வழிப்போக்கன் எவனாவது வாங்கிக்கொள்வான். நீ கூப்பிட்டாயா? "அப்பா" என்று கத்திக்கொண்டு ஓடியிருந்தால் அது கூப்பிட்டதில் சேர்த்தி. அந்த நடிகை விஷயத்தை நான் அம்மாவுக்குத் தனியாக ஊதுபத்தி வைத்துச் சொல்லிக்கொள்கிறேன்.

கல்லை வழவழப்பாக விட முடியாது. அம்மா முகம் சிரித்துக்கொண்டு ஒரு பக்கம், இன்னொரு பக்கம் காலி வட்டம். யாரோடு குடித்தனம் பண்ணினாள் என்று தெரியாதவள் மாதிரி இருப்பாள். முகம் இல்லாமல் அவரைப் புது இடத்தில் குடிவைக்க எனக்கு மனசு இல்லை.

நேற்று சாப்பிடும்போது உன் அத்தான், "அந்த மூஞ்சிய எதுக்குத் தேடறே? புத்தாண்டுக்கு வந்து மூணு தட்டு வாத்துக்கறி தின்னுட்டுப் போச்சே, அதே மூஞ்சிதானே" என்றார். வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள் என்றேன். பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. அந்தப் படம் எடுத்தபோது அப்பாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. உனக்கு இந்த வருஷம் ஐம்பத்தெட்டு.

தோங் மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லிவிட்டார். 27ஆம் தேதி வா. கடைத்தெரு ஸ்டூடியோவில் சொல்லிவிட்டேன், நாலு மணிக்குள் வரச் சொன்னார்கள். அப்பா போட்டிருந்த மாதிரி நீலச் சட்டை ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். முடியை ஒட்ட வெட்டிக்கொள். அங்கே வந்து சிரிக்கக் கூடாது. இத்தனை நாள் ஊரான் வம்சத்துக்காகச் செத்தாய். இதை நம் வீட்டுக்காகச் செய்.

யூஃபென்


ஹெங்தியன்
மார்ச் 24

அக்கா,

வலது கை மட்டும்தான். விரல்கள் எல்லாம் இருக்கின்றன, கட்டுக்குள்ளே. இதை இடது கையால் எழுதுகிறேன். சண்டைக்கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். போன கடிதம் லியாவ் எழுதியது. எழுதி முடித்துவிட்டு அழுதான். நல்ல பையன், அவனைத் திட்டாதே.

நீ சொல்வதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உயிரோடு இருக்கிறவன் முகத்தைக் கல்லறையில் பதிப்பார்களா? எமனுடைய ஆள் அந்தப் பக்கம் வருகிறான். கல்லைப் பார்க்கிறான். "என்னய்யா இது, கல்லு வச்சாச்சு, ஆளு இன்னும் ஹெங்தியன்ல நூடுல்ஸ் தின்னுட்டுத் திரியறான்" என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? இங்கேயாவது 'கட்' சொல்ல ஒருவர் இருக்கிறார். நான் எதையும் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்கிறவன் என்று உனக்குத் தெரியும். இது ஒன்றுக்கு ஒன்று. எனக்குப் பயமாக இருக்கிறது.

வேறு வழி பார்த்தாயிற்று. லியாவை ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னேன். எத்தனை வரைந்தாலும் சக்கரவர்த்தித் தாடைதான் வருகிறது. வாத்தைப் பார்த்தால் வரி கேட்பார் போல இருக்கிறது. நம் அப்பா இல்லை.

27 காலைப் பேருந்தில் வருகிறேன். சிரிக்க மாட்டேன். ஆனால் சிங்மிங் அன்றைக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே. அந்தக் கல் முன்னால் போய் நிற்க என்னால் ஆகாது.

போஜுன்


ஷாங்யூ
ஏப்ரல் 6

போஜுனுக்கு,

நேற்று எல்லாம் நல்லபடியாக முடிந்தது. காலையில் தூறல், பிறகு விட்டுவிட்டது. கல் நேராக நிற்கிறது. அம்மாவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில். பச்சைச் சோற்று உருண்டை வைத்தேன், மது ஊற்றினேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் காகிதம் எரித்தேன்.

சித்தி வீட்டார் வந்தார்கள். "எங்கேயிருந்து இவ்வளவு தெளிவான படம் கிடைச்சுது" என்று கேட்டார்கள். பழைய பெட்டியில் இருந்தது என்றேன். அப்பாவோடு வாத்து ஓட்டிய மெங் கிழவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். அவருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். கல்லை ரொம்ப நேரம் பார்த்தார். "என் வாத்து ரெண்டு இவன் கூட்டத்துல சேர்ந்து போச்சு. அதை இன்னும் ஒத்துக்காம முறைக்கிறான் பாரு" என்றார். போகும்போது கல்லைக் கழியால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

ஒரு விஷயம் உன்னிடம் சொல்லவில்லை. பீங்கான் பதிக்கிற அன்று தோங்கிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டார்.

"உசிரோட இருக்கறவங்க பேரைக் கொத்தினா சிவப்பு அடிச்சு வைப்பேன்மா. போனதுக்கப்புறம் கறுப்பு அடிப்பேன். மூஞ்சிக்கு என்னத்த அடிக்கிறது?"

ரொம்ப நேரம் பேசினோம். உன் அத்தான் எங்களுக்கு இரண்டு தடவை தேநீர் வாங்கி வந்தார். கடைசியில் படத்தின் அடியில், சட்டைக் காலருக்குக் கீழே, அரிசி அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். அவருக்கும் எனக்கும் உன் அத்தானுக்கும்தான் தெரியும். மற்றவர்கள் பெயிண்ட் சிந்திவிட்டது என்று நினைப்பார்கள். எமனுடைய ஆள் விவரம் தெரிந்தவன், அவனுக்குப் புரியும். நீ தைரியமாகத் திரியலாம்.

தோங் தூரிகையைத் துடைத்துக்கொண்டே, "பின்னாடி ஒரு நாள் இதைக் கறுப்பாக்கணுமே, யாரு வந்து சொல்லுவாங்க?" என்று கேட்டார்.

அதற்கு நான் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் உனக்கு மூத்தவள். அதை ஞாபகம் வைத்துக்கொள்.

யூஃபென்